அஹியாக்கோ: மூன்று கிழங்கும் ஒரு களைச்செடியும் சேர்ந்த போகோட்டா கோழி சூப்

கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் என்றால், உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கிற தெளிந்த தண்ணீர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் செய்கிற அஹியாக்கோ அந்த வகை இல்லை. பருப்புக் கடைசல் பதத்தில், கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். நிறம் வெளிர் மஞ்சள். ஆனால் அதில் மஞ்சள் தூள் கிடையாது, மாவு கிடையாது, தாளிப்பு கிடையாது, எதையும் வதக்குவதும் கிடையாது. கெட்டியும் நிறமும் உருளைக்கிழங்கிலிருந்து வருகின்றன. வாசனை ஒரு களைச்செடியிலிருந்து வருகிறது.

வேலை காரணமாக அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அவர் வீட்டில் அஹியாக்கோதான். என்னைச் 'சுமெர்சே' என்று கூப்பிடுவார். போகோட்டாவிலும் சுற்றியுள்ள மலையூர்களிலும் மரியாதையும் பாசமும் சேர்த்துச் சொல்கிற சொல் அது. நம் பக்கத்தில் வயதில் சின்னவரையும் "வாங்க தம்பி, உட்காருங்க" என்பார்களே, அதே தொனி. அவர் சட்டிக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதையும், ஊர் திரும்பி நம் கிழங்குகளை வைத்துப் பலமுறை செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெயரில் மட்டும் மிளகாய்

கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மிளகாயை 'அஹி' என்றார்கள். ஸ்பானியர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு தாங்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். அதனால் அஹியாக்கோ என்ற பெயரில் பல நாடுகளில் பல சமையல் உண்டு. கியூபாவில் அது பல இறைச்சியும் பல கிழங்கும் மக்காச்சோளமும் சேர்ந்த கதம்பம். பெருவில் மிளகாய் சேர்த்த உருளைக்கிழங்குக் கறி. நாம் பார்க்கப்போவது போகோட்டாவுடையது. அந்த ஊரின் பழைய பெயர் சாந்தா ஃபே என்பதால் இதை 'அஹியாக்கோ சாந்தாஃபெரேன்யோ' என்று முழுப்பெயரில் சொல்வார்கள். சட்டியில் ஒரு மிளகாய்கூட விழாது.

அந்த மேட்டுநிலம் முய்ஸ்கா மக்களுடையது. 1538-ல் கோன்சாலோ ஹிமேனெஸ் தெ கெசாதா அங்கே ஸ்பானிய நகரத்தை நிறுவுவதற்கு முன்பே அவர்கள் உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிட்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு புதிது. மண்ணுக்குள் விளையும் ஒரு வகைக் காளானின் பெயரை வைத்து அதை 'தூர்மா' என்று கூப்பிட்டார்கள். கோழி, பூண்டு, கொத்தமல்லி, பால் ஏடு, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு எல்லாம் கப்பலில் வந்தவை. கிழங்கும் சோளமும், குவாஸ்கா என்ற அந்தக் களைச்செடியும் மண்ணுக்கு உரியவை. கொலம்பியாவின் மற்ற பகுதிகளில் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் போட்ட சன்கோச்சோ என்ற குழம்புக்குத்தான் மவுசு. குளிர் மலையில் மரவள்ளி விளையாது, உருளைக்கிழங்கு விளையும். அஹியாக்கோ அந்தக் குளிரின் சாப்பாடு.

போகோட்டாவுக்குப் போகிறவர்கள் பொலிவார் சதுக்கத்தை ஒட்டிய 11-ஆம் தெருவில் லா புவெர்த்தா ஃபால்சா என்ற சின்னக் கடையைப் பார்க்கலாம். 1816-லிருந்து நடக்கிற கடை. நாலைந்து மேசைதான், வாசலில் எப்போதும் வரிசை நிற்கும். ஆனால் இது முதலில் வீட்டுச் சாப்பாடு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலும் பல வீடுகளில் இதுதான் பெரிய விருந்து.

மூன்று கிழங்கு எதற்கு?

இந்தச் சமையலின் வித்தை இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் அளவுகள் முன்னே பின்னே போனாலும் சூப் சரியாக வரும்.

முதல் கிழங்கு பஸ்தூசா. தெற்கே உள்ள பாஸ்தோ நகரத்தின் பெயரைக் கொண்டது. மாவுச்சத்து நிறைய. வெந்ததும் ஓரம் கரைந்து, பாதி சூப்பாகவும் பாதி துண்டாகவும் நிற்கும். இரண்டாவது சபனேரா. போகோட்டா இருக்கிற சமவெளிக்கு சபானா என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஊதா கலந்த தோல், இறுகிய சதை. எவ்வளவு கொதித்தாலும் வட்டம் வட்டமாக அப்படியே இருக்கும். மூன்றாவதுதான் ராணி: கிரியோயா. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிது. தோலும் சதையும் முட்டைக் கரு நிறம். வேகும்போதே வெண்ணெய் போட்ட மாதிரி ஒரு வாசனை வரும். இருபது நிமிடத்தில் கரைய ஆரம்பித்து, அரைமணியில் காணாமல் போய்விடும். சூப்பின் மஞ்சள் இதனுடையது.

ஒன்று கரைந்து குழம்பாகிறது, ஒன்று குழைந்து நடுவில் நிற்கிறது, ஒன்று கடிக்கக் கிடைக்கிறது. ஒரே கிழங்கைப் போட்டால் கூழாகும், அல்லது தண்ணீரில் மிதக்கும் துண்டாகும். இந்த மூன்று பதமும் ஒரே கரண்டியில் வரவேண்டும்.

கிரியோயாவுக்கு உறக்க காலம் இல்லை. நம் ஊர்க் கிழங்கு தோண்டிய பிறகு சில வாரம் தூங்கிவிட்டுத்தான் முளைவிடும். இது தோண்டிய சூட்டோடு முளைக்கத் தொடங்கும். நெடுநாள் வைக்க முடியாது, தூரதேசத்துக்குப் பச்சையாக அனுப்புவது கடினம். அதனால்தான் வெளிநாட்டுக் கடைகளில் இது உறைந்த பாக்கெட்டிலோ உப்புத் தண்ணீர் பாட்டிலிலோ வருகிறது.

இனி நம் கையில் கிடைப்பதைப் பார்ப்போம். டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு யூகான் கோல்ட் இருக்கிறது. அங்கேயே குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-ல் வெளிவந்த ரகம் அது. அதன் முன்னோரில் ஒன்று கிரியோயாவின் வம்சத்து ஆண்டீஸ் மஞ்சள் கிழங்கு. முழுதாகக் கரையாது, ஆனால் நிறமும் வெண்ணெய்ச் சுவையும் ஓரளவுக்கு வரும். லண்டன் பக்கம் மாயன் கோல்ட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஸ்காட்லாந்தில் அதே வம்சத்திலிருந்து உருவாக்கிய கிழங்கு, கிட்டத்தட்ட கிரியோயாவேதான். லத்தீன் அமெரிக்கக் கடை பக்கத்தில் இருந்தால் உறைந்த கிரியோயாவே கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ரகம் பார்த்து வாங்கும் வசதி குறைவு. அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கப் உப்புக்குப் பதினோரு கப் தண்ணீர் என்ற கணக்கில் கலந்து, கழுவிய கிழங்குகளை அதில் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு கனம், அடியில் போய் உட்காரும். சத்துக் குறைந்த இறுகிய கிழங்கு மிதக்கும். மூழ்கியது பஸ்தூசா வேலைக்கு, மிதந்தது சபனேரா வேலைக்கு. ஒரே பையில் வாங்கிய கிழங்கே இப்படி இரண்டாகப் பிரியும். முதல்முறை செய்தபோது எனக்கே ஆச்சரியம். எல்லாமே மூழ்கிவிட்டால், கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக்கிழங்கு கொஞ்சம் தனியாக வாங்குங்கள். அது கரையாமல் நிற்கும்.

கிரியோயாவுக்கு மாற்றாக, மூழ்கிய கிழங்கிலேயே ஒரு பங்கைத் துருவிப் போடலாம். துருவியது விரைவில் கரையும், பதம் வந்துவிடும். நிறம் வராது, பரவாயில்லை. கை தானாக மஞ்சள் தூள் டப்பாவுக்குப் போகும், வேண்டாம். ஒரு சிட்டிகை போட்டாலும் குவாஸ்காவின் வாசனை அமுங்கி, சூப் நம் வீட்டுக் குழம்பாக மாறிவிடும். 'பேபி பொட்டேட்டோ' என்று விற்கிற குட்டிக் கிழங்கை அளவைப் பார்த்துக் கிரியோயா என்று நினைக்கவேண்டாம். அது பெரும்பாலும் இறுகிய வகை, கரையாது.

குவாஸ்கா

இது இல்லாவிட்டால் போகோட்டாக்காரர்கள் அஹியாக்கோ என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பலோகெமாவோ சந்தையில் கீரைக்காரம்மாக்கள் பச்சையாகக் கட்டுக்கட்டாக விற்பார்கள். காய்ந்த இலை பாக்கெட்டில் கிடைக்கும். பச்சை இலையைக் கசக்கினால் கீரைத்தண்டை ஒடித்த வாசனை. காய்ந்ததில் வைக்கோலும் தேயிலையும் கலந்த மாதிரி இருக்கும். தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். கொதிக்கும் கிழங்குக் குழம்பில் விழுந்து பத்து நிமிடம் ஆனதும் வீட்டுக்குள் வேறு ஒரு மணம் பரவும். மண்வாசனை கலந்த பச்சை மணம், வாசல் வரை வரும்.

செடியின் அறிவியல் பெயர் கலின்சோகா பார்விஃப்ளோரா. ஆண்டீஸ் மலையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய களை. 1796-ல் பெருவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து தப்பி இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காய்கறித் தோட்டங்களில் இதே செடி முளைக்கிறது. ஒரே மலையில் பிறந்த உருளைக்கிழங்கும் குவாஸ்காவும் ஊட்டியில் ஒரே பாத்தியில் மறுபடி சந்திக்கின்றன. ஒன்றைத் தோண்டி மூட்டை கட்டுகிறோம், மற்றதைப் பிடுங்கி வரப்பில் எறிகிறோம். முதல்முறை ஒரு கேரட் தோட்டத்தின் ஓரத்தில் அதைப் பார்த்து அடையாளம் கண்டபோது எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

பறிக்க நினைப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் லேசான பல்லோடு இருக்கும். பூ மிகச் சின்னது: நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் பெரும்பாலும் ஐந்தே வெள்ளை இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பல். சமவெளியில் தெருவோரம் எங்கும் இருக்கிற வெட்டுக்காயப் பூண்டு தூரத்தில் பார்த்தால் இதன் உறவு மாதிரி தெரியும். அதன் பூ பெரிது, நீண்ட காம்பில் ஒற்றையாக நிற்கும், செடி தரையில் படரும், இலை சொரசொரப்பு. அது வேறு செடி. மருந்தடித்த தோட்டத்துக் களையை எக்காரணம் கொண்டும் பறிக்கக்கூடாது. செடி தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் சட்டியில் போடவும் கூடாது. கிடைத்தால் இலையை மட்டும் கிள்ளி, நிழலில் காகிதத்தின் மேல் மூன்று நான்கு நாள் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லத்தீன் அமெரிக்கக் கடைகளில் காய்ந்த பாக்கெட் கிடைக்கும். எங்கும் கிடைக்காதவர்கள் கொத்தமல்லித் தண்டும் கொஞ்சம் செலரி இலையும் போட்டுச் செய்யலாம். சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அது நல்ல உருளைக்கிழங்கு சூப், அவ்வளவுதான். வேறு நாட்டவர் எழுதிய குறிப்புகளில் ஒரிகானோ போடச் சொல்வார்கள். அது பீட்சா வாசனையைக் கொண்டுவந்துவிடும், எனக்குச் சம்மதமில்லை.

ஆறு பேருக்கு வேண்டியவை

எலும்பும் தோலும் உள்ள கோழி ஒன்றேகால் கிலோ. மாவுக் கிழங்கு 750 கிராம், இறுகிய கிழங்கு 750 கிராம், கிரியோயா அல்லது அதற்கு மாற்று 500 கிராம். மக்காச்சோளக் கதிர் மூன்று, ஒவ்வொன்றும் பாதியாக. வெங்காயத்தாள் நான்கு தண்டு. பூண்டு ஐந்து பல். கொத்தமல்லி ஒரு சின்னக் கட்டு. குவாஸ்கா காய்ந்தது என்றால் கால் கப், பச்சை என்றால் இரண்டு கைப்பிடி. உப்பு. தண்ணீர் மூன்று லிட்டர்.

மேசைக்கு: ஃப்ரெஷ் கிரீம் ஒரு கப், உப்புநீரில் ஊறிய கேப்பர் ஐந்தாறு மேசைக்கரண்டி, பழுத்த பட்டர் ஃப்ரூட் இரண்டு அல்லது மூன்று, வெள்ளைச் சோறு.

கேப்பர் என்பது ஒரு பூவின் மொட்டு. நம் ஊரில் வத்தல் போடுகிற ஆதண்டங்காய் அதே குடும்பத்துச் செடிதான். பெரிய கடைகளில் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பச்சை ஆலிவைப் பொடியாக நறுக்கி வையுங்கள். நான் ஒருமுறை மாவடுவைக் கழுவித் துடைத்து, கடுகளவு நறுக்கி வைத்தேன். கிரீமுக்கு நடுவில் அந்தப் புளிப்பும் உப்பும் நன்றாகவே இருந்தது.

முதல் வேலை: கோழியும் நீரும்

அடிகனமான பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதிலேயே கோழியைப் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிக்கும் நீரில் போடக்கூடாது. குளிர்ந்த நீரிலிருந்து மெல்லச் சூடேறினால்தான் அழுக்கெல்லாம் சாம்பல் நுரையாக மேலே ஒதுங்கும். அதைக் கரண்டியால் வழித்து வழித்து எடுங்கள், பத்து நிமிட வேலை. நுரை அடங்கிய பிறகு வெங்காயத்தாளை முடிச்சாகக் கட்டிப் போடுங்கள், நசுக்கிய பூண்டு, கொத்தமல்லியின் தண்டுப் பகுதி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தீயைக் குறைத்து, நீர் அங்கங்கே குமிழிடும் அளவில் வையுங்கள்.

பிராய்லர் நெஞ்சுக்கறி அரைமணியில் வெந்துவிடும், அதற்குமேல் விட்டால் சக்கையாகும். அதை எடுத்துச் சதையைப் பிய்த்துக்கொண்டு, எலும்பையும் தோலையும் மறுபடி பாத்திரத்தில் போட்டு இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். நாட்டுக்கோழி கிடைத்தால் அதுவே மேல். போகோட்டாவிலும் பழைய ஆட்கள் முட்டையிட்டு ஓய்ந்த முதிர்ந்த பெட்டையைத்தான் விரும்புவார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் குக்கரில் நாலைந்து விசில் விடலாம். குக்கர் இந்த இடத்தோடு சரி, கிழங்கை அதில் போடக்கூடாது.

கோழிக்கறியைக் கையால் நார் நாராகப் பிய்த்து, காயாமல் இருக்க ஒரு கரண்டி சூப் நீரைத் தெளித்து மூடி வையுங்கள். மீதி நீரை வடிகட்டுங்கள். இரண்டரை லிட்டர் அளவுக்கு இருக்கவேண்டும், குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

கிழங்கு போடும் வரிசை

தோலைச் சீவிய கிழங்கை முழுதாகத் தண்ணீரில் போட்டு வைக்கலாம். நறுக்கிய பிறகு ஊறவைக்காதீர்கள். வறுவலுக்கு நறுக்குகிறபோது அலசி அலசி மாவை நீக்குவோம். இங்கே அந்த மாவுதான் நமக்கு வேண்டும். அதனால் பாத்திரத்துக்கு மேலேயே நறுக்கி அப்படியே போடுங்கள்.

நீர் கொதிக்கும்போது மாவுக் கிழங்கை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கிப் போடுங்கள். கிரியோயாவில் முக்கால் பங்கையும் (அல்லது துருவிய கிழங்கு முழுவதையும்) உடனே போடுங்கள். நடுத்தரத் தீயில் இருபது நிமிடம். மூடவேண்டாம். அடிக்கடி மரக்கரண்டியால் அடிவரை கிண்டுங்கள். மாவு அடியில் படிந்து பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடை சூப் முழுக்க ஏறிவிடும், அதற்குப் பிறகு மீட்க வழியில்லை.

இருபது நிமிடத்தில் நீர் கலங்கி, வில்லைகளின் ஓரம் மழுங்கியிருக்கும். இப்போது இறுகிய கிழங்கு, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்ட வட்டமாக. பத்து நிமிடம் கழித்து மீதமுள்ள கிரியோயாவை இரண்டாக வெட்டிப் போட்டு, குவாஸ்காவையும் போடுங்கள். காய்ந்த இலையாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துத் தூவுங்கள், காம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் ஊர் இனிப்புச் சோளம் என்றால் அதுவும் இதே நேரத்தில் போகலாம். கொலம்பியாவின் சோளம் பெரிய மணி, மாவு அதிகம், அதை முதலிலேயே போடவேண்டும். நாட்டு மக்காச்சோளக் கதிர் கிடைத்தவர்களும் முதலிலேயே போடுங்கள். இன்னும் பதினைந்து இருபது நிமிடம்.

இந்த வரிசை வீட்டுக்கு வீடு மாறும். கிரியோயாவை எல்லாம் கடைசியில் போடுகிறவர்களும் உண்டு. போகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 91, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிழங்கு வேக நேரம் பிடிக்கும். சென்னையில் நான் சொன்ன நிமிடங்கள் சரியாக இருக்கும். ஊட்டியில் செய்கிறவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதம் எப்படித் தெரியும்? நான் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா கரண்டியை எடுத்துக் கவிழ்ப்பார். முதுகில் ஒட்டிய சூப்பின் நடுவே விரலால் ஒரு கோடு இழுப்பார். கோட்டின் இரண்டு கரையும் உடனே சேர்ந்தால், "இன்னும் இல்லை, சுமெர்சே" என்பார். கோடு அப்படியே நின்றால் அடுப்பைக் குறைப்பார். எனக்கும் இப்போது அதுதான் அளவு. கோடு நிற்காவிட்டால் வெந்த மாவுக் கிழங்கு நாலைந்து துண்டைப் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி மசித்து, ஐந்து நிமிடம் விடுங்கள். மிக்சியில் அடிக்கவேண்டாம். பிளேடு மாவை அறைந்து பசையாக்கிவிடும், சூப் இழுபடும்.

உப்பை இந்தக் கட்டத்தில் பாருங்கள். இரண்டு கிலோ கிழங்கு உள்ளே போயிருக்கிறது, நிச்சயம் குறையும். ஆனால் மேசையில் கேப்பர் வரப்போகிறது, அதனால் ஒரு சிட்டிகை குறைவாகவே நிறுத்துங்கள்.

கேப்பரும் கிரீமும் சட்டிக்குள் போகக்கூடாது

நான் செய்த முதல் அஹியாக்கோ இந்த இடத்தில்தான் கெட்டது. எல்லாவற்றையும் சட்டியிலேயே சேர்த்துவிட்டால் வேலை மிச்சம் என்று நினைத்து, கிழங்கு பாதி வெந்தபோதே கேப்பரை அதன் நீரோடு ஊற்றினேன். ஒரு மணி நேரம் கொதித்தும் கிழங்கு கரையவில்லை. மேலே ஊற்றிய கிரீம் திரிதிரியாகப் பிரிந்தது. புளி ஊற்றிய பிறகு போட்ட காய் வேகாது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள், அதே விஷயம்தான். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கிற பெக்டின் என்ற பசை புளிப்பு இருந்தால் இளகாது. செல்கள் பிரியாவிட்டால் மாவு வெளியே வராது, குழம்பு கெட்டியாகாது. அதனால் புளிப்பும் கொழுப்பும் மேசையில், அவரவர் கிண்ணத்தில்.

மேசை

கொலம்பியாவில் தொலிமா மாகாணத்து லா சம்பா கிராமத்தில் செய்கிற கறுப்பு மண்கிண்ணத்தில் பரிமாறுவார்கள். சூடு நெடுநேரம் நிற்கும். நம் மண்சட்டி அதே வேலையைச் செய்யும், வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பிய்த்த கோழியைக் கிண்ணத்தின் அடியில் போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்க சூப். ஒரு துண்டு சோளக் கதிர் நட்டமாக. பொடியாக நறுக்கிய கொத்தமல்லி கொஞ்சம். பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் பட்டர் ஃப்ரூட் கீற்றுகளும். கிரீமும் கேப்பரும் தனித்தனிச் சின்னக் கிண்ணத்தில் மேசை நடுவே. ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கிரீம், ஒரு மேசைக்கரண்டி கேப்பர் என்று ஆரம்பியுங்கள். கிரீமைச் சுற்றி ஊற்றிவிட்டு உடனே கலக்காமல் சாப்பிட்டால் ஒரு வாய் கெட்டியாக, ஒரு வாய் குளுமையாக, நடுவில் ஒரு மொட்டு உப்பும் புளிப்புமாக வெடிக்கும்.

சோறு எதற்கு என்று நானும் கேட்டேன், கிழங்கே அவ்வளவு இருக்கிறதே என்று. ஒரு வாய் சூப், ஒரு வாய் சோறும் பழமும் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். சிலர் சோற்றை உள்ளேயே கொட்டிப் பிசைந்துகொள்வார்கள். நமக்கு இரண்டும் கைவந்ததுதான். சோளத்தைக் கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிடவேண்டும், அதற்கு யாரும் தயங்குவதில்லை.

அசைவம் சாப்பிடாதவர்கள் கோழிக்குப் பதிலாக, மணி உதிர்த்த சோளத் தண்டுகளை வெங்காயத்தாள், பூண்டோடு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து அந்த நீரில் செய்யலாம். இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கேப்பர் அதைச் சமன் செய்யும். கிரீமையும் பழத்தையும் மட்டும் குறைக்கவேண்டாம், கோழிக் கொழுப்பு இல்லாத இடத்தை அவைதான் நிரப்புகின்றன.

மிச்சம் இருந்தால்

ஆறியதும் சூப் களி மாதிரி இறுகிவிடும், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், கோழியைத் தனி டப்பாவில் வையுங்கள். உறைய வைக்காதீர்கள், இறுகிய கிழங்கு உருகும்போது பஞ்சாகிவிடும். சூடாக்கும்போது ஆளுக்கு அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, சின்னத் தீயில் அடியோடு கிண்டிக்கொண்டே இருங்கள். குவாஸ்கா இருந்தால் இன்னொரு சிட்டிகை தேய்த்துப் போடுங்கள். அந்த வீட்டில் திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, முந்தைய நாள் சூப் ஒரு சின்னக் கிண்ணத்தில் மூடிவைத்திருக்கும். கேப்பர் தீர்ந்திருக்கும். கிரீம் மட்டும் பக்கத்தில் இருக்கும்.